ஒட்டு, ரகம், ஹைபிரிட்: தக்காளி ஏன் தாயைப் போல் வரவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். போன ஆடியில் ஹைபிரிட் தக்காளி விதை வாங்கி, பெரம்பூர் வீட்டு மொட்டைமாடியில் போட்டீர்கள். கொத்துக் கொத்தாகக் காய்த்தது. நல்ல பழமாக இரண்டைப் பிழிந்து விதை எடுத்து வைத்து, இந்த வருடம் பன்னிரண்டு தொட்டிகளில் நட்டீர்கள். ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று கோலிக்குண்டு அளவு, இரண்டு காய்க்கவே இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "அது கல்டிவார் இல்லைங்க, ஹைபிரிட். அப்படித்தான் வரும்" என்றார். அப்படியானால் கல்டிவார் என்பது நாட்டு ரகமா, ஹைபிரிட் என்பது மரபணு மாற்றியதா, கூடவே வாங்கி வந்த 'ஒட்டு ஹைபிரிட்' மாங்கன்று என்ன கதி ஆகும் என்பது உங்கள் கவலை.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஹைபிரிட் செடியின் பழத்திலிருந்து விதை பிடித்தால் அப்படித்தான் வரும். ஆனால் 'கல்டிவார் இல்லை, ஹைபிரிட்' என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார் பாருங்கள், அங்கேதான் பிசகு. "அவர் தஞ்சாவூர்க்காரர் இல்லை, எஞ்சினியர்" என்று சொல்வது மாதிரி இருக்கிறது அது. ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாமே. ஹைபிரிட் என்பது ஒரு செடியின் அப்பா அம்மா யார் என்கிற சங்கதி. கல்டிவார் என்பது அந்தச் செடிக்கு ஒரு பெயர் இருக்கிறதா, அந்தப் பெயரில் வாங்கினால் எப்போதும் அதே குணத்தோடு வருமா என்கிற சங்கதி.

கல்டிவார் என்ற சொல்லுக்கு நூறு வயதுதான் ஆகிறது. காட்டில் தானாக உண்டாகும் வகைகளையும் மனிதன் தேர்ந்தெடுத்துப் பேணும் வகைகளையும் ஒரே சொல்லால் அழைத்துக் குழம்பிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1923இல் 'பயிரிடப்பட்ட வகை' என்பதற்கான இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி இதை உண்டாக்கினார். பயிர்களுக்குப் பெயரிடும் உலக விதிமுறை 1953இல் முதன்முதலாக வந்தது. அதன்படி ஒரு செடி கல்டிவார் ஆவதற்கு மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், அந்தப் பெயரில் உள்ள எல்லாச் செடியும் ஒரே சீராக இருக்க வேண்டும், முறைப்படி பெருக்கினால் அந்தக் குணம் மாறாமல் தொடர வேண்டும். எப்படிப் பிறந்தது என்று அது கேட்பதே இல்லை. தேர்ந்தெடுத்த நாட்டுச் செடியாக இருக்கலாம், கலப்பில் பிறந்ததாக இருக்கலாம், ஒரு கிளையில் திடீரென்று நிறம் மாறிப் பூத்த காகிதப்பூவாகவும் இருக்கலாம். நம் ஊரில் இதற்கெல்லாம் 'ரகம்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது.

குழப்பத்துக்குத் தமிழிலேயே ஒரு தனிக் காரணம் உண்டு. 'ஒட்டு' என்ற சொல். வேளாண்மைத் துறைக்காரர்கள் ஹைபிரிட்டை 'வீரிய ஒட்டு ரகம்' என்று எழுதுகிறார்கள். நர்சரிக்காரர் 'ஒட்டுச் செடி' என்றால், ஒரு செடியின் வேர்ப்பகுதியில் இன்னொரு செடியின் குச்சியைச் செருகிக் கட்டியது என்று பொருள். முதலாவது, மகரந்தத்தில் நடக்கும் கல்யாணம். இரண்டாவது, கத்தியால் செய்யும் தச்சு வேலை. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ஒட்டுக் கட்டிய மாங்கன்று எல்லாம் ஹைபிரிட் என்று பாதிச் சென்னை நம்புகிறது. உங்கள் கன்றில் தொங்கும் 'ஒட்டு ஹைபிரிட்' அட்டையும் அந்தக் குழப்பத்தின் பிள்ளைதான். என்ன ரகம் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பங்கனப்பள்ளி என்றோ இமாம்பசந்த் என்றோ இருந்தால் அது ஹைபிரிட் அல்ல, ஒட்டு மட்டும்தான். மல்லிகா என்றிருந்தால் ஒட்டும் உண்டு, ஹைபிரிட்டும் உண்டு.

மல்லிகாவின் கதை உங்கள் கேள்விக்கு நன்றாக உதவும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் தெற்கத்தி நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் கலந்தார்கள். நீலம் தாயாகவும் தசேரி தந்தையாகவும் இருந்த கலப்பில் கிடைத்தது மல்லிகா. அதே இரண்டு பெற்றோர்தான், தாயும் தந்தையும் இடம் மாறினார்கள். அப்போது கிடைத்தது ஆம்ரபாலி. இரண்டும் 1970களில் வெளிவந்தன. மல்லிகா பெரிய பழம். ஆம்ரபாலி சின்னப் பழம், குட்டை மரம். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அக்கா தங்கை முகஜாடையில் வேறாக இருப்பது போலத்தான். அந்தக் கலப்பில் முளைத்த ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி. அவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதன் குச்சியை மட்டும் வெட்டி வெட்டி ஒட்டுக் கட்டிப் பரப்பினார்கள். இன்று எங்கே மல்லிகா மரம் நின்றாலும் அது அந்த ஒரே கன்றின் நீட்சி. கலப்பில் பிறந்ததால் ஹைபிரிட், ஒட்டில் நிலைத்ததால் கல்டிவார்.

இதனால்தான் பங்கனப்பள்ளி தின்றுவிட்டுக் கொட்டையைத் தோட்டத்தில் போட்டால் முளைப்பது பங்கனப்பள்ளி ஆகாது. அது பங்கனப்பள்ளியின் பிள்ளை. அப்பா யாரென்று மரத்தில் மொய்த்த ஈக்களைத்தான் கேட்க வேண்டும்.

என் வீட்டுக் கதை ஒன்று. மடிப்பாக்கம் வந்த புதிதில் ஒரு நர்சரியில் 'ஹைபிரிட் அல்போன்சா' என்று சொல்லி ஒரு கன்றை என் தலையில் கட்டினார்கள். அல்போன்சா ஹைபிரிட்டே அல்ல. தெரிந்திருந்தும் கன்று வாட்டசாட்டமாக இருந்ததால் வாங்கிவிட்டேன். அந்தக் கத்திரி வெயிலில் மேலே ஒட்டிய குச்சி கருகியது. பிளாஸ்டிக் நாடா சுற்றிய முடிச்சுக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி ஒரு செம்பழுப்புத் தளிர் வந்தது. செடி பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆறு வருடம் கழித்துக் காய்த்தது நார் நாராக ஒரு புளிப்பு மாங்காய். நான் வளர்த்தது வேர்ச்செடியை. அந்தக் காலத்தில் விதை ஆய்வகத்தில் வேலை வேறு பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இன்றுவரை அந்த ஊறுகாயைப் பரிமாறும்போதெல்லாம் அதை நினைவூட்டத் தவறுவதில்லை. ஆகவே உங்கள் மாங்கன்றில் ஒட்டு முடிச்சைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே எந்தத் தளிர் வந்தாலும் ஈவு இரக்கமில்லாமல் கிள்ளிவிடுங்கள். முடிச்சை மண்ணில் புதைக்காதீர்கள்.

குச்சி, கன்று, கரணை வழியாகப் பெருகும் பயிர்களில் ஹைபிரிட் என்பதால் ஒரு தொல்லையும் இல்லை. வாழையைப் பாருங்கள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவள்ளி எல்லாமே இரண்டு காட்டு வாழை இனங்கள் கலந்து உண்டானவை. கலப்பை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, எப்போதோ இயற்கையில் நடந்தது. நாம் அசல் நாட்டுப் பழம் என்று சாமிக்குப் படைக்கும் பூவன் சரியான ஹைபிரிட். விதை இல்லாததால் பக்கக் கன்றை வைத்தே வளர்க்கிறோம். அதனால் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிறது. 'வாழையடி வாழை' என்று வாழ்த்துகிறோமே, அதைவிடச் சுருக்கமாக ஒரு கல்டிவாரை யாராலும் விளக்க முடியாது.

கரும்பிலும் இதே கதைதான், ஆனால் அங்கே கலப்பு கைவேலை. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த, இனிப்பான கரும்பை நாணல் போல் ஒல்லியாக வளரும் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். 1918இல் கோ 205 என்ற கரும்பு ரகம் வெளிவந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கோ ரகங்கள் வந்துவிட்டன. உழவர் கரணை வெட்டி நடுகிறார், அதே கரும்பு வருகிறது. ஹைபிரிட் ஆயிற்றே, மறுபடி விதைக்கலாமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

தொல்லை தொடங்குவது விதையில். உங்கள் தக்காளிக்கு வருவோம்.

பாக்கெட்டில் 'எஃப் 1' என்று போட்டிருக்கும். முதல் தலைமுறை என்று அர்த்தம். இதற்கு இரண்டு பெற்றோர் வரிசைகளைத் தனித்தனியே பல தலைமுறை தன் மகரந்தத்திலேயே காய்க்கவைத்து, உள்ளே எந்த வேறுபாடும் இல்லாத அளவுக்குத் தூய்மையாக்கி வைத்திருப்பார்கள். பிறகு கலப்பு. கர்நாடகத்தில் ராணிபென்னூர் பக்கம் போனால் இந்த வேலையை வலைக்குடிலுக்குள் பார்க்கலாம். பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். மறுநாள் விரியப்போகிற மொட்டாகப் பார்த்து, சின்ன இடுக்கியால் இதழைப் பிரித்து, நடுவிலிருக்கும் மஞ்சள் மகரந்தக் கூம்பை முழுசாக உருவி எடுத்துவிடுகிறார்கள். நடுவில் பச்சைச் சூல்தண்டு மட்டும் ஊசி மாதிரி நிற்கும். அடுத்த நாள் ஆண் வரிசையின் மகரந்தப் பொடியை அதன் நுனியில் தொட்டு வைத்து, அடையாளத்துக்குப் பூவின் புல்லிதழில் ஒன்றிரண்டைக் கிள்ளிவிடுகிறார்கள். காய் பழுக்கும்போது காம்படியில் அந்தக் கிள்ளல் தெரிந்தால்தான் விதைக்கு எடுப்பார்கள். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. ஹைபிரிட் விதை ஏன் தங்க விலை என்று இனிமேல் கேட்கமாட்டீர்கள்.

இரண்டு பெற்றோரும் தூய வரிசை என்பதால், பிறக்கும் எஃப் 1 விதை அத்தனையும் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றாக இருக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று மூடுவதால் வளர்த்தியும் காய்ப்பும் கூடும். 'வீரிய' என்ற அடைமொழி அதற்குத்தான். மாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மா தூய வரிசை அல்ல, அதனால் முதல் தலைமுறையிலேயே ஆளுக்கொரு குணம். தக்காளியில் முதல் தலைமுறை சீராக இருக்கும், குட்டு வெளிப்படுவது இரண்டாம் தலைமுறையில். அந்தச் செடி தானே பூத்துக் காய்க்கும்போது, தாயிடமும் தந்தையிடமும் வாங்கிய சீட்டுகளைக் கலைத்து மறுபடி போடுகிறது. மெண்டல் பட்டாணிச் செடியில் எண்ணிப் பார்த்து 1866இல் அச்சிட்டது இந்தச் சீட்டுக் கணக்கைத்தான். 'விரை ஒன்று போட சுரை ஒன்று முளைக்குமா' என்பார்கள். ஹைபிரிட்டில் கிட்டத்தட்ட முளைக்கிறது.

அதே சமயம், கலப்பில் பிறந்தது எல்லாமே இப்படிப் பிரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் தினம் சாப்பிடும் பொன்னி அரிசியின் மூலம் மலேசியாவிலிருந்து வந்த மசூரி நெல். அது தைச்சுங் 65, மாயாங் எபோஸ் 80 என்ற இரண்டு நெற்களின் கலப்பில் பிறந்தது. ஆனால் கலந்த பிறகு பல தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி நிலைப்படுத்திவிட்டார்கள். அதனால் உழவர் தன் வயல் நெல்லையே விதையாக வைத்துக்கொள்ளலாம். இதை ஹைபிரிட் என்று சொல்வதில்லை, ரகம் என்றுதான் சொல்வார்கள். தக்காளியில் பி.கே.எம். 1 கலப்பே அல்ல. தேனிப் பக்கத்து அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தேர்ந்தெடுத்தது. தட்டையான உருண்டை, காம்படியில் பச்சைத் தோள். விதை எடுத்துப் போட்டால் அப்படியே வரும். வருடா வருடம் விதைக்குக் கடை ஏற வேண்டாம் என்றால் உங்களுக்கு வேண்டியது இந்த மாதிரி ரகம்.

மறுபக்கம், பப்பாளியில் ரெட் லேடி. தைவானில் உருவான எஃப் 1 ஹைபிரிட். பெயர் உண்டு, அந்தப் பெயரில் விதை வாங்கினால் எப்போதும் ஒரே மாதிரி வரும். ஆகவே விதிமுறைப்படி அது கல்டிவாரும்கூட. ஒவ்வொரு முறையும் அதே பெற்றோரைக் கலந்து விதை உண்டாக்குவதால் அந்தச் சீர்மை கிடைக்கிறது. நீங்கள் தின்ற பழத்தின் விதைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கடைக்காரரின் வாக்கியம் உடைவது இங்கேதான்.

சரி, 'நாட்டு' என்ற சொல்லுக்கு வருவோம். இதற்குத் தாவரவியலில் எந்த வரையறையும் இல்லை. கோயம்பேட்டில் நவீன் தக்காளி, நாட்டுத் தக்காளி என்று இரண்டு விலை சொல்வார்கள். அது பெரும்பாலும் நீள்வடிவக் கெட்டிப் பழம், புளிப்பான உருண்டைப் பழம் என்கிற வடிவக் கணக்கு. அந்த உருண்டையே ஹைபிரிட் விதையில் விளைந்ததாக இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. பாரம்பரிய அரிசிக் கடையில் விற்கும் கிச்சிலிச் சம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜி.இ.பி. 24 என்ற பெயரில் 1921இல் கோயம்புத்தூரிலிருந்து அரசே வெளியிட்ட ரகம். தானாக மாறிய ஒரு செடியிலிருந்து தேர்ந்தெடுத்தது. பாரம்பரியம், ஆராய்ச்சி என்ற கோடு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

நாட்டு விதை என்றே வாங்கினாலும், எந்தப் பயிர் என்பதைப் பார்க்க வேண்டும். தக்காளி தன் பூவிலேயே தன் மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். பக்கத்துத் தொட்டியில் வேறு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் கெடாது. கத்தரியும் வெண்டையும் இரண்டுங்கெட்டான். பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் வகையறா முழுக்க முழுக்கப் பூச்சியை நம்பியவை. உங்கள் மாடியில் நீளச் சுரையும் எதிர்வீட்டு மாடியில் குண்டுச் சுரையும் இருந்தால், இரண்டு நாட்டுச் சுரைக்கும் பிறப்பது ஹைபிரிட் சுரை. காயில் தெரியாது, அதன் விதையை அடுத்த பட்டத்தில் போடும்போது தெரியும். விதைக்கு வேண்டுமானால், நாளைக்குப் பூக்கப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின நாளே நூலால் கட்டி வைத்து, பூக்கும் நேரத்தில் பிரித்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மறுபடி மூடிக் கட்டுங்கள். சுரை சாயங்காலம் பூக்கும், பூசணி விடியற்காலை. இன்னொன்று, வீட்டு விதையில் வந்த சுரைக்காயை ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமையுங்கள். கசந்தால் மொத்தமாகக் குப்பையில் போடுங்கள். கசப்புச் சுரை வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடிந்ததுண்டு.

விதையில் பிரிந்துவிடும் என்ற விதிக்கு ஒரு அழகான விலக்கும் இருக்கிறது. எலுமிச்சை. நாம் பிழியும் அந்தச் சின்ன எலுமிச்சையே இரண்டு இனம் கலந்து பிறந்த ஹைபிரிட்தான். ஆனால் அதன் விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல் தாயின் திசுவிலிருந்து உண்டானவை. அதனால் விதை போட்டாலும் பெரும்பாலும் தாய்மரமே வருகிறது. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கேரளக் கடற்கரையின் சந்திரக்காரன் மாங்கொட்டையும் இந்த ஜாதிதான்.

மரபணு மாற்றம் பற்றிய பயத்துக்குப் பதில் சின்னது. ஹைபிரிட் என்பது மகரந்தத்தை இன்னொரு பூவில் தொட்டு வைப்பது. மரபணு மாற்றம் என்பது ஆய்வகத்தில் குறிப்பிட்ட ஒரு மரபணுவைச் செருகுவது. நம் நாட்டில் வணிகச் சாகுபடிக்கு வந்தது 2002 முதல் பிடி பருத்தி, அதாவது புழுவை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகிய பருத்தி. பிடி கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. நீங்கள் வாங்கிய தக்காளி பாக்கெட்டில் அந்தச் சமாசாரம் எதுவும் இல்லை. விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தது என்று பயந்தீர்களே, அது பூஞ்சண மருந்தோடு சேர்த்த சாயம். நாட்டு ரக விதைக்கும் பூசுவார்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஹைபிரிட் நல்லதா கெட்டதா என்று கேட்டால், சென்னை மாடியில் இடமும் காலமும் குறைவு. ஆடிப்பட்டத்தில் போட்டால் ஐப்பசி மழை கொட்டுவதற்குள் பாதியாவது பறித்தாக வேண்டும். சீக்கிரம், சீராக, நோய் தாங்கிக் காய்க்க ஹைபிரிட் உதவுகிறது. நானே குடைமிளகாய்க்கும் காலிஃபிளவருக்கும் ஹைபிரிட்தான் போடுகிறேன். தக்காளி, கத்தரி, அவரை, கீரைக்கு ரகம். கீரைக்கு ஹைபிரிட் என்று யாராவது விற்றால் நம்பாமல் நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் பன்னிரண்டு செடிகளைப் பிடுங்கிப் போட வேண்டாம். அவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் மாடி வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பிடித்துப்போய் நன்றாகக் காய்க்கிறதா? அதிலிருந்து மட்டும் விதை எடுங்கள். அடுத்த முறை பத்துச் செடி போட்டு மறுபடி ஒன்றைப் பொறுக்குங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளிருக்கும் கலப்பு பாதியாகும். ஆறேழு தலைமுறையில் ஏறத்தாழ நிலைத்துவிடும். சென்னையில் வருடத்துக்கு இரண்டு பட்டம் என்றால் மூன்று, மூன்றரை வருட வேலை. நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, வழவழப்பு பிரியும் வரை இரண்டு நாள் ஒரு டம்ளரில் புளிக்க வையுங்கள். பிறகு அலசி, நிழலில் பீங்கான் தட்டில் காயவையுங்கள், காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கொஞ்சம் சாம்பல் போட்ட மூடிப் பாட்டிலில், எத்தனையாவது தலைமுறை, எந்தத் தொட்டி என்று எழுதி ஒட்டி வையுங்கள்.